பெரிய எழுத்து

கைப்பேசியின் அமைப்புகளுக்குள் போனால், வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் ஒரு விசை இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லும்போது நாம் கொஞ்சமும் யோசிக்காமல் போடுகிற 'பெரிய எழுத்து' என்ற தொடர் ஆங்கிலப் பாடத்துக்காகப் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் அது தமிழ்ப் பதிப்புத் தொழிலின் விளம்பரச் சொல். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று சென்னையின் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட மலிவுப் பதிப்புகளின் தலைப்பிலேயே அது இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், விளக்கொளியில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுபவருக்கும் கண் வலிக்காமல் இருக்கட்டும் என்பதே அதன் பொருள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லா எழுத்தும் பெரிது. அளவைக் குறித்த அந்தச் சொல்லைத்தான், பள்ளிக்கூடத்து ஆங்கிலம் வேறொரு வடிவத்தைக் குறிக்க எடுத்துக்கொண்டது.

அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. கேப்பிட்டல் என்பதற்கு இலத்தீனில் தலை என்பது வேர். அப்படியே பெயர்த்தால் 'தலையெழுத்து'. அதைப் பிரமன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டான். 'தலைப்பெழுத்து' அப்பா பெயரின் முதலெழுத்துக்குப் போய்விட்டது. 'முதலெழுத்து' என்றாலோ இலக்கணம் படித்தவர் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று எண்ணத் தொடங்குவார். 'பேரெழுத்து' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல ஆக்கம்தான், ஆனால் பேச்சில் ஏறவில்லை. ஆசிரியரும் பிள்ளைகளும் கேப்பிட்டல் லெட்டர் என்றே சொல்கிறார்கள். சொல்லாக்குவோரின் சோம்பலை இதற்குக் குறை சொல்வது நியாயமில்லை. பொருள் குடியேறாத ஊரில் பெயர் மட்டும் எப்படிக் குடியேறும்?

உரோமானியர் கல்லில் வெட்டியது பெரிய எழுத்து மட்டுமே. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மன்னர் சார்லமேன் காலத்தில், மடங்களில் ஒழுங்குபட்ட சிறிய எழுத்து பரவியது. பிறகு இரண்டும் ஒரே வரியில் கலந்து, பழையது தொடக்கத்துக்கும் பெயருக்கும் அடையாளமாயிற்று. தமிழில் இந்தப் பிரிவு நிகழவேயில்லை. திருவண்ணாமலைக் கோயில் சுவர்களைப் பார்த்தால் இது விளங்கும். சோழர், ஹொய்சளர், விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே நிறைந்திருக்கின்றன. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பெரும்பாலும் புள்ளியும் இல்லை, எழுத்தின் அளவிலும் வேற்றுமை இல்லை. ஆனாலும் தொடக்கம் தெரியும். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று கிரந்தத்தில் எழுதித்தான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். பெயருக்குச் சிறப்புத் தர வேண்டுமானால் முன்னால் 'திரு' வரும்; அந்த ஊரின் பெயரே அதற்குச் சான்று. இலத்தீன் எழுத்து வடிவத்தால் செய்ததைத் தமிழ் சொல்லால் செய்தது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சிட்ட பாதிரிமார் இலத்தீன் அச்சில் ஊறியவர்கள்; அவர்கள்கூடத் தமிழுக்கென்று தனிப் பெரிய எழுத்து வார்க்கவில்லை. இன்றைய யூனிகோடிலும் தமிழ் எழுத்துகளுக்குப் பெரிது, சிறிது என்ற இணை கிடையாது.

பெரிய எழுத்துக்குத் தமிழில் உண்மையான வேலை கிடைத்தது, உரோமன் விசைகளைக் கொண்டு தமிழ் அடிக்கத் தொடங்கிய பிறகுதான். முரசு அஞ்சல் முறையிலும் அதைப் பின்பற்றியவற்றிலும் சிறிய 'என்' நகரத்தையோ னகரத்தையோ தரும், பெரிய 'என்' ணகரத்தைத் தரும். பெரிய 'எல்' ளகரம், பெரிய 'ஆர்' றகரம். ஹார்வர்ட்-கியோட்டோ, ஐட்ரான்ஸ் முறைகளில் சிறிய 'டி' தகரம், பெரிய 'டி' டகரம். இங்கே பெரிய எழுத்து மரியாதையோ தொடக்கமோ அல்ல, தனி ஒலி. இனி இந்தப் பட்டியலை இலக்கணத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட, ண, ள, ற நான்கும் மொழிமுதலில் வாரா என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் விதி. தானியங்கி வசதியோ மொழிமுதலை மட்டுமே பெரிதாக்குகிறது. ஆகவே மெய்யெழுத்தைப் பொறுத்தவரை, தமிழுக்குப் பெரிய எழுத்து ஒருபோதும் தேவைப்படாத ஒரே இடத்தில்தான் அது பெரிய எழுத்தைப் போடுகிறது. அதனால் 'நான்' ணான் ஆகிறது, 'திரு' டிரு ஆகிறது. உயிரெழுத்தில் இன்னும் மோசம். பெரிய 'ஏ' ஆகாரம் என்பதால் 'அண்ணாமலை' ஆண்ணாமலை ஆகும். அதையாவது பிழை என்று கண்டுகொள்ளலாம். 'அடி' ஆடியாகவும் 'அறு' ஆறாகவும் மாறினால் எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது.

டீ, டவுன், டாக்டர் என்று டகரத்தில் தொடங்கும் சொற்கள் இல்லையா, ஆற்றிலும் ஆகாயத்திலும் தொடங்கும் வாக்கியம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அவற்றுக்கு அடிப்பவரே ஷிஃப்டை அழுத்திக்கொள்வார். எப்போது வேண்டும் என்று அவருக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினால் சிக்கலே தீருமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே வந்த அந்த அமைப்பில் உயிருக்கும் மெய்க்கும் ஷிஃப்டே வேண்டாம், கிரந்தத்துக்குத்தான் அது. எனக்கும் அதுவே மேலான வழியாகப் படுகிறது. ஆனால் உரோமன் வழியே விரல் பழகியவர்களைக் கருவி தண்டிக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. ஆங்கிலத்துக்கு அந்த வசதி வேண்டுமே என்பது மூன்றாவது மறுப்பு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து விடுபட்டால் வாக்கியம் கொஞ்சம் அலங்கோலமாகத் தெரியும், பொருள் கெடாது. தமிழில் சொல்லே மாறுகிறது.

அதனால் அணைத்துவிடலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் ஆட்டோ-கேப்பிட்டலைசேஷன் இருக்கும். ஜிபோர்டில் டெக்ஸ்ட் கரெக்‌ஷன் பகுதிக்குள் பார்க்க வேண்டும். கணினியில் வேர்டின் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில் வாக்கிய முதலெழுத்துக்கான கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும். ஆங்கிலத்துக்காக வேர்டில் அதை வைத்துக்கொள்ள விரும்புபவர், அங்கேயே உள்ள விதிவிலக்குப் பட்டியலில் புள்ளியோடு முடியும் சுருக்கங்களைச் சேர்க்கலாம். 'தி. மலை' என்று திருவண்ணாமலையை உரோமன் எழுத்தில் சுருக்கினால், அந்தப் புள்ளியோடு வாக்கியம் முடிந்துவிட்டதாகவே வேர்டு எண்ணிக்கொள்கிறது.