தெளிப்பவரின் இரத்தத்தில் குரோமோசோம் சான்று

பூச்சிமருந்து தொழிலாளியின் உடலைத் தாக்கியிருக்கிறதா என்று அறிய நம் சட்டம் முக்கியமாக ஒரு நொதியையே நம்புகிறது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 37ஆம் விதி, ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் மருந்துகளோடு வேலை செய்பவர்களின் கோலினெஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் பார்க்கச் சொல்கிறது. உடனடி நஞ்சேற்றத்தை அறிய இது நல்ல சோதனைதான். ஆனால் அந்த நொதி சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் பழைய அளவுக்கு ஏறிவிடும். அதே இரத்தத்தின் வெள்ளணுக்களில் குரோமோசோம் உடைந்திருந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இந்த விடுபாடு தொழிலாளிக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் உடலெங்கும் சுற்றி வருபவை. அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் பிரியாமலே உயிர் வாழ்வதால் பட்ட காயம் அவற்றில் தங்குகிறது. ஆய்வகத்தில் சிறிதளவு இரத்தத்தோடு, ராஜ்மா பயற்றிலிருந்து எடுக்கும் ஃபைட்டோஹெமக்ளூட்டினினைச் சேர்த்து உடல் வெப்பத்தில் வைத்தால் அவை பிரியத் தொடங்கும். 48 மணி நேரம் நெருங்கும்போது கோல்ச்சிசின் விட்டுப் பிரிதலைப் பாதியில் நிறுத்துவார்கள். நம் கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே பொருள். நீர்த்த பொட்டாசியம் குளோரைடில் செல்கள் ஊதி, 46 குரோமோசோம்களும் விலகி நிற்கும். ஜீம்சா சாயம் ஏற்றிய கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு குரோமாட்டிட் (குரோமோசோமின் இரு இழைகளில் ஒன்று) அறுந்து, துண்டு சற்றுத் தள்ளிக் கோணலாகக் கிடப்பது தெரியும். பெரும்பாலான வேதிப்பொருள்கள் டிஎன்ஏவில் உண்டாக்கும் புண், செல் அதை நகலெடுக்கும்போதுதான் இப்படி உடைப்பாக வெளிப்படுகிறது.

1973இல் யோடர் குழுவினர் அமெரிக்காவின் ஐடஹோவில், வேளாண் மருந்து தெளிப்பவர்களின் இரத்தத்தைத் தெளிப்புப் பருவத்திலும் பருவமில்லாக் காலத்திலும் சோதித்தார்கள். தெளிப்புக் காலத்தில் குரோமாட்டிட் சிதைவுகள் கூடியிருந்தன. 1980களின் இறுதியில் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரூபா, ரெட்டி முதலியோர் பருத்தி வயலில் மருந்தடிப்பவர்களிடம் குரோமோசோம் பிறழ்வுகள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். புகைப்பழக்கமே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழும் என்பதால் புகைப்பவர்களைத் தனியாகவும் ஆராய்ந்தார்கள்.

பருவம் முடிந்தால் எல்லாம் ஆறிவிடும் என்பவர்கள் 1989இல் கேரி குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். தானியத்துக்குப் பாஸ்பீன் புகைமூட்டம் போடும் தொழிலாளர்களிடம் உடைப்புகளும் இடைவெளிகளும் வேலைக்காலத்தில்தான் மிகுந்திருந்தன, பின்னர் குறைந்துவிட்டன. ஆனால் குரோமோசோம்களுக்கிடையே துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்ட நிலையான மறுசீரமைப்புகளும் அவர்களிடம் மிகுந்திருந்தன. உடைந்த துண்டை இழந்த செல் பெரும்பாலும் மடிந்துவிடும். தவறாக ஒட்டிய செல்லோ பிழைத்துத் தன் பிழையை வாரிசுச் செல்களுக்குக் கொடுக்கும். கவலைக்குரியது இதுவே. சாதாரண ஜீம்சா சாயத்தில் இது எளிதில் பிடிபடாது. குரோமோசோமில் பட்டைகள் தெரியும்படி சாயமிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த மருந்து உடைத்தது என்று சொல்ல முடியாதே என்பது வழக்கமான ஆட்சேபம். வயலில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்துதான் அடிக்கிறார்கள். கலக்கும்போது கையிலும், அடிக்கும்போது மூடி கசிந்து முதுகிலும் படுவது அந்தக் கலவைதான். தனித்தனி மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்வரை காத்திருப்பது, யாரும் தனியாகத் தொடாத ஒரு பொருளைப் பற்றிய சான்றுக்காகக் காத்திருப்பதாகும். இன்னொரு ஆட்சேபத்தில் நியாயம் உண்டு: ஒருவருடைய சில்லைப் பார்த்து அவருக்குப் புற்றுநோய் வரும் எனச் சொல்லக் கூடாது. ஆனால் நோர்டிக் நாடுகளிலும் இத்தாலியிலும் பலரைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளிவந்த ஆய்வு, லிம்போசைட் பிறழ்வு மிகுந்த குழுவினரிடம் பின்னாளில் புற்றுநோய் அதிகம் என்று காட்டியது. எனவே இச்சோதனையைக் கொண்டு தனிமனிதரின் எதிர்காலத்தைச் சொல்ல முயலாமல், வேலையிடத்தின் நிலையைச் சொல்லவே பயன்படுத்த வேண்டும்.

ஐடஹோ முறை இதற்குப் போதும்: அதே ஆட்கள், பருவத்துக்கு முன் ஒரு குழாய் இரத்தம், நடுப்பருவத்தில் ஒரு குழாய். வயது, புகை, உணவு என்ற குழப்பங்கள் இதில் பெருமளவு விலகிவிடும். ஆனால் கூலிக்கு மருந்தடிப்பவர்களை 37ஆம் விதி நடைமுறையில் பெரும்பாலும் எட்டுவதில்லை. பிறழ்வுகளின் எண்ணிக்கை கூடிய இடத்தில் மருந்து கலக்கும் முறையையும் தெளிப்பானையும் மாற்றும் பொறுப்பு அவர்களை வேலைக்கு வைத்தவருடையது என்று அவ்விதியில் சேர்க்கப்பட வேண்டும்.