அடுக்களையில் எத்தனை அடி?

தில்லியில் பல ஆண்டுகள் அரசாங்கக் குடியிருப்பில் காலம் கழித்துவிட்டு, பழைய அடுக்குமாடி வீடொன்றைச் சொந்தமாக வாங்குபவர் முதலில் திருத்தியமைக்க நினைப்பது அடுக்களையைத்தான். நானும் அதற்கு விலக்கல்லன். ஒப்பந்தக்காரர் அளவு நாடாவுடன் வந்தார். நீளம் பத்தடி, அகலம் ஆறடி என்று அளந்தார். இந்தச் சுவரில் மேடை, எதிர்ச்சுவரில் தரை முதல் கூரை வரை அலமாரி என்று ஐந்து நிமிடத்தில் படம் வரைந்து கையில் கொடுத்தார். அதைப் பார்த்த என் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதிலே நான் எங்கேப்பா உட்கார்ந்து காய் நறுக்குவது?" மொழிபெயர்ப்பே என் தொழிலாதலால் அக்கேள்வியை நல்ல இந்தியில் ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். அவரிடம் விடை இல்லை. உண்மையில் என்னிடமும் இல்லை.

தமிழில் "அடி" என்னும் சொல் பன்னிரண்டு அங்குலத்தையும் குறிக்கும், காலடியையும் குறிக்கும். உலகெங்கும் அடுக்களைகள் முதல் வகை அடியைக் கொண்டே திட்டமிடப்பட்டு வந்தன. அங்கே நாள்தோறும் நடப்பவருடைய காலடிகளையும் எண்ணவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அவ்வெண்ணத்தின் வரலாறு, பிறர் கட்டிய வீடுகளில் நமது சமையலைச் செய்துவரும் வெளிமாநிலத் தமிழ் நேயர்களுக்குப் பயன்படக்கூடியது.

அதற்கு முன்னோடியாக ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் கேத்தரின் பீச்சர் என்னும் அம்மையார், தம் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869இல் இல்லப் பராமரிப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீராவிக் கப்பலில் இருநூறு பேருக்குச் சமைக்கும் இடம் எவ்வளவு சிறியது, ஆயினும் அங்கே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவே என்று அவர் வியந்தார். வீட்டிலோ தொட்டி ஒரு மூலையிலும் மாவு வேறோர் அறையிலும் கிடந்தன. சாளரத்தின் கீழ்த் தொடர்ச்சியான வேலைப்பலகை, அதனடியில் மாவுத் தொட்டிகள், வெப்பமும் மணமும் பரவாமல் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அடுப்பு என்று அவர் வரைந்த படம் இன்று பார்த்தாலும் பழையதாகத் தோன்றாது.

அடுத்த திருப்பம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒரு தொழிலாளி ஒரு வேலையை எத்தனை அசைவில், எத்தனை நொடியில் செய்கிறான் என்று கடிகாரம் வைத்து அளந்த பிரெடரிக் டெய்லரின் நூல் 1911இல் வெளியாயிற்று. மறுவருடமே கிறிஸ்டீன் பிரெடரிக் என்னும் இல்லத்தரசி, அதே முறையை வீட்டு வேலைக்கும் பொருத்தலாம் என்று பெண்களுக்கான இதழொன்றில் எழுதத் தொடங்கினார். அவர் சொன்னது எளிய செய்தி. அடுக்களையில் நடப்பவை இரண்டே தொழில்கள்: ஒன்று ஆக்குவது, மற்றொன்று கழுவி அடுக்குவது. பொருளை எடுக்கும் இடம், நறுக்கும் இடம், அடுப்பு, பரிமாறும் இடம் ஆகியவை அவ்வரிசையிலேயே அமைய வேண்டும். கழுவுவதற்கும் அதுபோலவே ஒரு வரிசை உண்டு. அவர் ஒழுங்கற்ற அடுக்களை, ஒழுங்கான அடுக்களை என்று இரண்டு படங்கள் வரைந்து, பெண் நடக்கும் வழியைக் கோடுகளால் காட்டினார். முதற்படத்தில் கோடுகள் சிக்குண்ட நூலைப்போல் பின்னிக்கிடக்கும்.

இவருடைய நூலை ஐரீன் விட்டே என்னும் அம்மையார் 1920களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மொழிபெயர்ப்பாளரின் பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் பழகிப்போன செய்தி. ஆதலால் இங்கே அவர் பெயரைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஏனெனில் கிறிஸ்டீன் பிரெடரிக்கின் கருத்துகளை ஜெர்மன் மொழி வழியே அறிந்தவர்களுள் ஒருவர் மார்கரெட்டெ லிஹோட்ஸ்கி.

1897இல் வியன்னாவில் பிறந்த லிஹோட்ஸ்கி, ஆஸ்திரியாவில் கட்டடக்கலை பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். முதல் உலகப்போருக்குப்பின் அந்நாட்டு நகரங்களில் வீடற்றோர் பெருகியிருந்தனர். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் கட்டடத் தலைவர் எர்ன்ஸ்ட் மே, தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அடுக்களை அமைக்க அவரை அழைத்தார். ஒவ்வொரு சதுர மீட்டரும் வாடகையை உயர்த்தும். ஆகவே அடுக்களை சிறியதாக இருந்தாக வேண்டும். வெளியிலும் வீட்டிலும் உழைக்கும் பெண்ணுக்கு இடர் தராததாகவும் இருக்க வேண்டும். ரயில்வண்டியின் உணவுப் பெட்டியில் இருந்த சமையற்கூடம் அவருக்கு வழிகாட்டிற்று. கைக்கடிகாரம் கொண்டு வேலைகளை அளந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர் என்று முடிவு செய்தார். என் வீட்டு அடுக்களையைவிட ஓரடி போலத்தான் நீளம் கூடுதல்! நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனி உண்ணுமிடம் உள்ள வீட்டில் அடுக்களைக்கு 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் குறைந்த அளவாகக் கூறுவதை நினைத்தால், அவர் கணக்கு நமக்கு அயலானதன்று.

அச்சிறிய இடத்தில் என்னென்ன வைத்தார்! எரிவாயு அடுப்பு, சாப்பிடும் அறைக்குச் செல்லும் தள்ளுகதவு, அது திறந்திருந்தால் விளையாடும் குழந்தையைத் தாய் கண்காணிக்கலாம், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை, மேலே தண்டவாளத்தில் நகரும் விளக்கு, காய்த்தோலை ஒரே வழிப்பில் தள்ளிவிட, பலகையிலேயே பொருந்திய இழுப்பறை. அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினியச் சிறு பெட்டிகள் வரிசையாக இருந்தன. மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி. அம்மரம் புழுவை அண்டவிடாது என்றார்கள். நீலவண்ணம் ஈயை விலக்கும் என்று நம்பி அலமாரிகளுக்கு நீலம் பூசினார்கள். இவை எல்லாவற்றிலும் என் கண் நிலைத்தது வேறொன்றில். சாளரத்தின் கீழே வேலைப்பலகை. அதன் முன்னே உயரம் மாற்றக்கூடிய சுழல் முக்காலி. நறுக்குவது, தோலுரிப்பது போன்ற வேலைகளை நின்றுகொண்டு செய்ய வேண்டியதில்லை என்று அவர் திட்டத்திலேயே எழுதிவிட்டார். என் தாயாரின் கேள்விக்கு 1926லேயே விடை இருந்தது.

ஏறத்தாழ பத்தாயிரம் அடுக்களைகள் இவ்வாறு கட்டப்பட்டன. குடிவந்தவர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் வேலை செய்யத்தான் இடம். மகளும் தாயும் சேர்ந்து நின்றால் முட்டிக்கொள்வார்கள். அலுமினியப் பெட்டிகள் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. பெட்டியில் பொறித்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த பண்டம் வேறொன்று என்பதும் உண்டு. இதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. இந்த அடுக்களையை உருவாக்கும்வரை தாம் குடித்தனம் நடத்தியதும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று லிஹோட்ஸ்கியே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அளந்தவர் அவர், வேலை செய்தவர் வேறொருவர்.

அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த மறைமுக இயக்கத்துக்கு உதவ, பாதுகாப்பாக இருந்த இஸ்தான்புல்லை விட்டு 1940 இறுதியில் வியன்னா திரும்பிய பெண்மணி அவர். சில வாரங்களில் கைதாகிப் பதினைந்தாண்டுத் தண்டனை பெற்று, 1945இல் விடுதலையானார். நூற்றுமூன்றாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், 2000ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். உலகம் தம்மை அடுக்களைக்காக மட்டுமே நினைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்னும் உளவியல் அறிஞர் 1929இல் ஓர் அடுக்களையை அமைத்துக் காட்டினார். பழவகை கேக் ஒன்றைச் செய்யப் பழைய அமைப்பில் 281 அடிகள் நடக்க வேண்டியிருந்தது. புதிய அமைப்பில் 45 போதுமாயிற்று. அவரும் வீட்டில் சமைத்தவர் அல்லர். பெரிய குடும்பத்தின் தாயாகிய அவருக்குச் சமைக்க வேறு ஆள் இருந்தது. ஆனால் அவர் தம் குறையை அறிந்திருந்தார். அடுப்பும் தொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கேட்டறிந்தார். 1940களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் அடுப்பு, தொட்டி, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 26 அடிக்கு மிகலாகாது என்றனர். இன்று ஒப்பந்தக்காரர்கள் ஓதும் மந்திரம் அதுதான்.

நம் பக்கம் வருவோம். கொடியடுப்பின் முன்னே மணைபோட்டு அமர்ந்த நம் பாட்டிமாருக்கு அரிவாள்மணை வலப்புறம், குடம் இடப்புறம், அஞ்சறைப்பெட்டி எதிரே. அமர்ந்தபின் ஓரடியும் நடக்க வேண்டியதில்லை. எழுந்து அமர்வதில்தான் தொல்லை, புகையில்தான் கொடுமை. மண்ணெண்ணெய் அடுப்பும், 1965இல் கல்கத்தாவில் முதல் இணைப்புத் தந்த இண்டேன் போன்ற எரிவாயுவும் பரவியபோது அடுப்பு மேடையேறிற்று. சமைப்பவரும் எழுந்து நின்றார். முதுகு நிமிர்ந்தது, ஆயினும் அமர்வதற்கென ஓரிடம் வேண்டும் என்பது மேடை கட்டியவர்களுக்கு மறந்துபோயிற்று. முக்கோணக் கணக்கிலும் நமக்குக் குறையுண்டு. வாரம் இருமுறை மாவரைக்கும் வீட்டில் அரவை இயந்திரம் நான்காவது முனை. கல்லின் கனத்தால் அதை எடுத்து எடுத்து வைக்க இயலாது. பக்கத்தில் குழாயும், நீர் வடிய வழியும் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கில்பிரெத் அம்மையாரைப்போல் தாளும் பென்சிலுமாக வாயிற்படியில் அமர்ந்தேன். காபி, இட்லி, சாம்பார் முடிவதற்குள் என் மனைவி எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணினேன். குளிர்சாதனப் பெட்டி கூடத்தில் இருந்ததால் கணக்கு விரைவாக ஏறிற்று. முந்நூறைத் தாண்டியதும், "எண்ணுகிற நேரத்தில் அந்தத் தேங்காயைத் துருவிக் கொடுத்தால் இருபது அடி மிச்சமாகுமே" என்றாள். எழுந்து துருவினேன்.

ஒப்பந்தக்காரர் மீண்டும் வந்தபோது எங்களிடம் வேறு படம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ளே வரும். அதற்காக எதிர்ச்சுவர் அலமாரியில் பாதி போகும். குழாயருகே தரையோடு ஒட்டிய கல் திண்ணையில் அரவை இயந்திரம். சாளரத்தின் கீழ் மூன்றடி நீளத்துக்கு மேடை தாழ்ந்திருக்கும். அதனடியில் அலமாரி கூடாது, முழங்கால் நுழைய வேண்டும். "அலமாரி மேலும் ஒன்று குறையுமே" என்று அவர் வருந்தினார். எவ்வளவு தாழ்த்துவது என்று கேட்டார். படத்தில் அந்த அளவு இல்லை. என் தாயார் கூடத்திலிருந்து தமது நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, சாளரத்தின் முன் அமர்ந்து, காய் நறுக்குபவர்போல் முழங்கையை மடக்கிக் காட்டினார். கொத்தனார் அந்த முழங்கைக்கு நேரே சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார்.