கூத்துமாடத்தில் கம்பன்

தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் தெருக்கூத்தில் தொடங்கிச் சங்கரதாஸ் சுவாமிகள் வழியாக நவீன நாடகத்துக்கு வந்துவிடுவர். வாளையாற்றுக்கு மேற்கே அவர்கள் பார்வை செல்வது அரிது. ஆனால் கம்பராமாயணம் தொடர்ந்து அரங்கேறிவரும் களங்களுள் முதன்மையானது அங்குதான் உள்ளது. பாரதப்புழையை ஒட்டிய பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் நிகழும் தோல்பாவைக்கூத்தையே குறிப்பிடுகிறேன்.

இதற்கெனக் கோயில் வளாகத்தில் கூத்துமாடம் என்னும் தனிக்கட்டடம் உண்டு. திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகள் எரியும். பாவையாட்டுவோர் 'புலவர்' எனப்படுவர். நிகழ்த்தும் நாட்கள் 7, 14, 21 எனக் கோயிலுக்கேற்ப விரியும். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளி இராம இராவணப் போரைக் காணவில்லை. அவளுக்காகவே இக்கூத்து என்பது ஐதிகம். ஆகவே எதிரே ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நிற்பதில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூலில் இந்தப் பார்வையாளரற்ற அரங்கை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் என்னை ஈர்ப்பது வேறொன்று. பாடல் தமிழ், அது எழுதப்பட்டிருப்பதோ பெரும்பாலும் மலையாள எழுத்தில். பாடலைத் தொடரும் உரை தமிழும் மலையாளமும் விரவியது. சொற்பொருள், கிளைக்கதை, தருக்கம் எனப் பல மணி நேரம் நீளும். இதைச் 'சிதைந்த தமிழ்' என ஒதுக்குவது எளிது. நான் அதனை ஓர் உரைமரபு என்றே கொள்கிறேன். நம் உரையாசிரியர்கள் ஏட்டில் செய்ததைப் புலவர்கள் வாய்மொழியில் செய்கின்றனர்.

அவர்கள் கம்பனை அப்படியே ஒப்பிப்பவரும் அல்லர். சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவமிருக்கையில் இலக்குவன் கையால் இறக்கும் நிகழ்ச்சி கூத்தில் உண்டு, கம்பனில் இல்லை. விமலசூரியின் பிராகிருத சமண இராமாயணத்தில் இதன் இணைக்கதையைக் காணலாம். அது பாலக்காட்டை எவ்வழி அடைந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. விளைவு மட்டும் தெளிவு: கூத்தின் சூர்ப்பணகை மகனை இழந்த தாயும் ஆவாள்.

1956 நவம்பர் 1 அன்று மலபார் மாவட்டம் கேரளத்தோடு இணைந்தது. அதன்பின் இக்கூத்து 'கேரள நாட்டார் கலை' என்ற தலைப்பின்கீழ்ச் சென்றது. அவ்வகைப்பாட்டில் பிழையில்லை, கலையைக் காத்தவர்கள் அம்மண்ணினரே. பிழை நம் பாடத்திட்டங்களில் உள்ளது.

கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதனைக் கோயிலுக்கு வெளியே பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். பெண்களும் இன்று பாவையாட்டுகின்றனர். இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் ஒரு மணி நேர மேடையில் முதலில் உதிர்வது உரைதான், பாவை தங்கிவிடும். உரையோ மூத்த புலவர்களின் நினைவிலும் அவர்களது கையெழுத்துப் படிகளிலும் இருக்கிறது. இரு எழுத்துகளையும் படிக்கத் தெரிந்த ஆய்வு மாணவர் எவரேனும் இருப்பின், ஆய்வுத் தலைப்பைப் பதிவுசெய்யுமுன் ஒருமுறை ஷொறணூருக்கு அருகிலுள்ள கூனத்தறைக்குச் சென்றுவாருங்கள்.