பாலே நேரலை: திரையரங்கிலும் வீட்டிலும்

மேடையில் நடக்கும் பாலே நிகழ்ச்சியை, அது நடந்துகொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் வழியாகப் பிற ஊர்களின் திரையரங்குகளுக்கு அனுப்பி, டிக்கெட் விற்றுக் காட்டும் வழக்கம் 2000-களின் பிற்பகுதியில் நிலைபெற்றது. அதே நிகழ்ச்சிகளை வீட்டில் இருந்தபடி இணையத்தில் பார்ப்பதும் ஏறக்குறைய அப்போதே தொடங்கி, 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது பெருகியது. இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் செலவையும் வசதியையும் பேசி முடித்துவிடுகிறார்கள். பாலே படமாக்கப்பட்ட வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் வேறொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. ஆடுபவரின் முழு உடலும் மேடையின் முழு அகலமும் எந்தத் திரையில் தாக்குப்பிடிக்கின்றன என்பதே அது. சிறிய திரைக்குப் போனபோதெல்லாம் பாலே தன்னைக் குறுக்கிக்கொண்டது. திரையரங்க நேரலை வந்த பிறகே அதன் அளவு அதற்குத் திரும்பக் கிடைத்தது. இன்று வீட்டில் நாம் பார்க்கும் முக்கியமான பதிவுகளில் பல அந்தப் பெரிய திரையை எண்ணி எடுக்கப்பட்டவை. அதனால் வீட்டுத் திரையைத் திரையரங்குக்கு மாற்றாகக் கருதுவது பிழை என்பதே இக்கட்டுரையின் முடிவு.

கேமராவுக்கும் நடனத்துக்கும் உள்ள பூசல் பழையது. 1930-களின் ஹாலிவுட்டில் ஃப்ரெட் அஸ்டேர், தான் ஆடும்போது தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் வெட்டு விழக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். அவர் பாலே நடனர் அல்லர். ஆனால் பாலேயைப் படமாக்குவோர் எல்லோரும் பின்னர் முட்டிக்கொண்ட சுவரை அவர் முதலிலேயே கண்டுகொண்டார். பாலே வீட்டுத் திரைக்கும் விரைவிலேயே வந்தது: பிபிசி தொலைக்காட்சி 1936 நவம்பரில் தொடங்கிய சில நாட்களிலேயே மேரி ராம்பெர்ட்டின் பாலே குழு அதில் ஆடியது. பெரிய திரைக்காக இச்சிக்கலைத் தீர்க்க முனைந்தவர் பால் ட்ஸின்னர். 1956 அக்டோபரில் மாஸ்கோவின் போல்ஷோய் குழு முதன்முறையாக லண்டனுக்கு வந்தபோது, கவென்ட் கார்டன் அரங்கிலேயே பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கலினா உலானோவா ஆடிய 'ஜிசெல்' பாலேயை அவர் பதிவு செய்தார். ஷாட் ஷாட்டாக நிறுத்தி எடுத்தால் நடனத்தின் மூச்சு அறுந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மார்கோ ஃபோன்டெய்னும் ருடால்ஃப் நூரியேவும் ஆடிய 'ரோமியோ அண்ட் ஜூலியட்' படத்தையும் (1966) அவர்தான் எடுத்தார். பிற்காலத் திரையரங்க நேரலையின் இலக்கணம் இந்தப் படங்களிலேயே முளைவிட்டது: பல கேமராக்கள், இடைவிடாத ஓட்டம், மேடையை மேடையாகவே காட்டுவது.

தொலைக்காட்சி வேறு வழியில் போயிற்று. 1955 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் என்பிசி, ஃபோன்டெய்ன் ஆடிய 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை வண்ணத்தில் ஒளிபரப்பியது. சுமார் 3 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. எந்த அரங்கமும் எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் எட்ட முடியாத எண்ணிக்கை அது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்தது, ஒரு மாலை முழுதும் நீளும் படைப்பை ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்குள் சுருக்கிய வடிவம். 1976 ஜூன் 30 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரிலிருந்து நடாலியா மகரோவா ஆடிய 'ஸ்வான் லேக்' முழுமையாக, நேரலையாக வீடுகளுக்குப் போனபோது அந்தக் குறை தீர்ந்தது; திரையின் அளவுக் குறை தீரவில்லை. இதை எல்லோரையும்விடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் ஜார்ஜ் பாலன்ஷைன். 1977-இல் 'டான்ஸ் இன் அமெரிக்கா' தொடருக்காகத் தன் படைப்புகளை நாஷ்வில் நகர ஸ்டுடியோவில் படமாக்கியபோது, ஆடுவோருக்கு இடையிலான தூரத்தையும் நகரும் திசையையும் கேமராவுக்கு ஏற்ப அவரே மாற்றி அமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பாலே அமைப்பாளர் ஒருவர் தன் நடனத்தைத் தானே மாற்றினால்தான் வீட்டுத் திரை அதைத் தாங்கும் என்று முடிவு செய்ததைவிட வலுவான சான்று இந்த வாதத்துக்குத் தேவையில்லை.

அளவு என்பது இங்கே ஆடம்பரத்தைப் பற்றிய பேச்சு அல்ல. மாரியஸ் பெட்டிப்பாவின் 'லா பயாதேர்' (1877) பாலேயில் வரும் 'நிழல்களின் உலகம்' என்ற காட்சியை எடுத்துக்கொள்வோம். மேடையின் பின்புறச் சாய்தளத்தில் வெள்ளை உடையணிந்த ஒரு பெண் தோன்றி, ஒரு காலைப் பின்னால் உயர்த்தி முன்சாய்ந்து, நிமிர்ந்து, இரண்டடி வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி அதையே செய்கிறாள். பல அரங்கேற்றங்களில் இப்படி 32 பேர் ஒருவர்பின் ஒருவராக இறங்குகிறார்கள். முதலில் வந்தவள் அந்த ஒரே அசைவை முப்பதுக்கும் மேற்பட்ட முறை செய்து முடிக்கும்போது மேடை முழுதும் நிறைந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் அதில் கதையில்லை, முகபாவமில்லை. பெருகிவரும் வரிசைதான் காட்சி. மேடை 14 மீட்டர் அகலம், ஆடுபவர் 1.65 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு முழு மேடையையும் சட்டகத்தில் அடக்கினால், 12 மீட்டர் அகலத் திரையில் அவள் ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரம் நிற்பாள். 55 அங்குலத் தொலைக்காட்சியில் 14 சென்டிமீட்டர். கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடித்தால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. முழங்காலின் நிமிர்வும் பாதத்தின் வளைவும் அங்கே கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

பிலிம் சுருள் இருந்தவரை திரையரங்கில் நேரலை ஒரு வழக்கமாக நிலைக்க வழியில்லை. டிஜிட்டல் புரொஜெக்டர் வந்த பிறகே கதவு திறந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 டிசம்பர் 30 அன்று 'மேஜிக் ஃப்ளூட்' ஓபராவைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பியது. அடுத்த சில ஆண்டுகளில் லண்டனின் ராயல் பாலே இவ்வழிக்கு வந்தது. 2010 முதல் பிரான்சின் பாத்தே லைவ் நிறுவனம் போல்ஷோய் நிகழ்ச்சிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பல நாட்டுத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனது. ஆறாண்டுச் சீரமைப்புக்குப் பின் 2011 அக்டோபரில் போல்ஷோயின் பழைய மேடை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, அக்குழுவில் முதன்மை நடனராகச் சேர்ந்த முதல் அமெரிக்கரான டேவிட் ஹால்பெர்க், ஸ்வெட்லானா ஸகரோவாவுடன் ஆடிய 'ஸ்லீப்பிங் பியூட்டி' உலகெங்கும் நேரலையாகக் காட்டப்பட்டது. இடைவேளையில் தொகுப்பாளர் கத்யா நோவிகோவா மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ரஷ்யம், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் பேசுவார். அவருக்குப் பின்னால் நடனர்கள் வியர்வை துடைத்துக்கொண்டு காலைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்நேரலைகளின் பெரிய சாதனை அதுவன்று. பெரிய திரையை நம்பி, இயக்குநர்கள் முழு மேடைக் காட்சியை நீண்ட நேரம் வெட்டாமல் வைத்திருக்க முடிந்ததுதான் சாதனை. அப்போது எங்கே பார்ப்பது என்பதைப் பார்வையாளரின் கண்ணே தீர்மானிக்கிறது, அரங்கில் உட்கார்ந்திருப்பதைப் போல.

வீட்டுப் பக்கக் கதையும் இதே ஆண்டுகளில் வளர்ந்தது. மேடை நிகழ்ச்சிகளை இணையத்தில் காட்டும் மெடிசி டிவி 2008-இல் தொடங்கியது. 2014 அக்டோபர் 1 அன்று போல்ஷோய், ராயல் பாலே உள்ளிட்ட ஐந்து குழுக்கள் சேர்ந்து, தங்கள் காலைப் பயிற்சியையும் ஒத்திகைகளையும் 'உலக பாலே நாள்' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் காட்டின. இதில் வீட்டுத் திரைக்கு இயல்பான ஓரிடம் இருந்ததை மறுக்க முடியாது: பயிற்சி அறையில் ஒரு நடனர் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்யும் அசைவைச் சிறிய திரை நன்றாகவே காட்டும். 2020 மார்ச்சில் அரங்குகள் மூடியதும் எல்லாம் இணையத்துக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று பாரிஸ் பஸ்தீய் அரங்கில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல், 'லா பயாதேர்' வீடுகளுக்காக மட்டும் நேரலையாக ஆடப்பட்டது. முடிவில் நடனர் பால் மார்க், பாரிஸ் ஓபரா பாலே குழுவின் மிக உயர்ந்த நிலையான 'எத்துவால்' பதவிக்கு உயர்த்தப்பட்டார். ஒரு நடனரின் வாழ்வில் மிகப் பெரிய தருணம் கைதட்ட ஆளில்லாத கூடத்தில் நடந்தது. அந்த நேரலை இல்லாவிட்டால் ரசிகர்கள் யாரும் அதைக் கண்டிருக்கவே முடியாது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வீட்டுத் திரைக்கென்றே புதிதாக ஆக்கப்பட்டவை எப்படி இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். நியூயார்க் சிட்டி பாலே 2020 இலையுதிர்காலத்தில் ஐந்து நடன அமைப்பாளர்களின் புதிய குறும்படைப்புகளை லிங்கன் சென்டரைச் சுற்றிய திறந்தவெளியில் படமாக்கி வெளியிட்டது. அவை நல்ல படைப்புகள். சில ஆடுவோர், நெருங்கி வரும் கேமரா, குறுகிய நேரம். குறைவான ஆட்களுக்குத் தொற்றுக்காலக் கட்டுப்பாடும் காரணம்தான். ஆயினும் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் கைப்பேசிக்கான காணொளிகள் ஒரே ஒரு நடனரைச் செங்குத்துச் சட்டத்தில் அடைப்பதையே வழக்கமாக்கிக்கொண்டன. 1977-இல் பாலன்ஷைன் செய்த குறுக்கல் திரும்பி வந்திருக்கிறது. இம்முறை அதைச் செய்வது படைத்தவர் அல்ல, திரையின் வடிவம்.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழுவது அளவுக் கணக்குப் பற்றிய கேள்வி. கைப்பேசியைக் கண்ணருகே வைத்துத்தானே பார்க்கிறோம், சென்டிமீட்டரை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பார்வைக் கோணத்தையே அளப்போம். 12 மீட்டர் அகலத் திரையை 12 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் கோணம் சுமார் 53 பாகை. 55 அங்குலத் தொலைக்காட்சியை இரண்டரை மீட்டரிலிருந்து பார்த்தால் சுமார் 27. கைப்பேசியை ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் பிடித்தால் சுமார் 24. திரையரங்கு அப்போதும் இருமடங்கு. பெரிய தொலைக்காட்சி வாங்கி, விளக்கை அணைத்து, அருகே உட்கார்ந்தால் இடைவெளி குறையும், உண்மைதான். அப்படிப் பார்ப்பவர் வீட்டையே ஒரு சின்னத் திரையரங்காக மாற்றிக்கொண்டவர். பெரும்பாலான வீடுகளில் திரை ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். 1991 ஆகஸ்ட் 19 அன்று மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது சோவியத் தொலைக்காட்சி 'ஸ்வான் லேக்'கைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதை அந்நாட்டு மக்கள் இன்றும் மறக்கவில்லை. அன்று அது நடனமாக யாருக்கும் படவில்லை, செய்தியை மறைத்த துணியாகத்தான் பட்டது. வீட்டுத் திரையில் பாலே அவ்வளவு எளிதாகப் பின்னணிக்குத் தள்ளப்பட்டுவிடும்.

இதைவிட வலுவான மறுப்பு வாய்ப்பு பற்றியது. நேரலை காட்டும் திரையரங்கு இல்லாத ஊரில் இருப்பவர், வெளியே போக முடியாத முதியவர், ஒரே பாலேயை நான்கு நடனர்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்க விரும்பும் மாணவி, இவர்களுக்கெல்லாம் இணையம்தான் துணை. ஒரு திருப்பத்தை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பார்க்கும் வசதி எந்தத் திரையரங்கிலும் கிடைக்காது. இதில் மறுக்க எதுவுமில்லை. வீட்டுத் திரை ஒரு நூலகம். நூலகத்தின் பெருமை அதற்கு முழுமையாக உண்டு. ஆனால் நூலகத்தில் வைப்பதற்கான பதிவு எங்கிருந்து வருகிறது? ராயல் பாலே போன்ற குழுக்களின் முக்கியப் பதிவுகள் திரையரங்க வெளியீட்டை எண்ணிப் பல கேமராக்களோடு எடுக்கப்பட்டு, பிறகே இணையத்துக்கு வருகின்றன. திரையரங்க வழி அடைபட்டால், அடுத்த தலைமுறைப் பதிவுகள் கைப்பேசியை எண்ணியே வெட்டப்படும். 32 நிழல்கள் இறங்கும் நேரத்தில் கேமரா முதல் பெண்ணின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முகத்தைக் காட்டுவதில் என்ன தவறு என்று கேட்பவர்களிடமும் உண்மை இருக்கிறது. மேல்மாடத்தில் குறைந்த விலை இருக்கையில் அமர்பவருக்கு முகமே தெரியாது. கென்னத் மேக்மில்லனின் 'மேனன்' (1974), 'மேயர்லிங்' (1978) போன்ற, நடிப்பும் உளவியலும் தாங்கும் பாலேக்களில் குளோஸ்-அப் பெரிய வரம். அவை வீட்டுத் திரையிலும் அதிகம் சேதமாவதில்லை. பெட்டிப்பாவும் பாலன்ஷைனும் அப்படியல்ல. 'செரனேட்' (1934) தொடங்கும்போது 17 பெண்கள் ஒரு கையை உயர்த்தி அசையாமல் நிற்கும் அந்த அமைப்பில் எந்த முகத்துக்கும் தனி இடமில்லை. இருவருக்கு நடுவே உள்ள வெற்றிடமும் நடன அமைப்பின் பகுதி. எனவே எல்லாப் பாலேக்கும் ஒரே விதி இல்லை. குழுவின் வடிவத்தில் பொருள் கொண்ட படைப்புக்குப் பெரிய திரை இன்றியமையாதது, தனிமனிதரின் நெஞ்சில் பொருள் கொண்டதற்கு அது விரும்பத்தக்கது என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் பல நாட்டுத் திரையரங்குகளுக்கான போல்ஷோயின் நேரலைகள் நிறுத்தப்பட்டன. மார்ச் முதல் வாரத்துக்குத் திட்டமிட்டிருந்த 'ஸ்வான் லேக்' காட்டப்படவில்லை. அந்த முடிவின் அரசியல் நியாயம் வேறு பேச்சு. பாலேக்கு அதனால் நேர்ந்தது, பெருங்குழு நடனத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த ஒரு மேடை அந்நாடுகளின் பெரிய திரையிலிருந்து மறைந்ததே. அதே ஆண்டில் ராயல் பாலேயின் இருப்பிடமான ராயல் ஓபரா ஹவுஸ் சந்தா முறையில் இணையச் சேவை தொடங்கியது. திரையரங்க நேரலையையும் அது கைவிடவில்லை. இரண்டுக்கும் வாய்ப்புள்ள வாசகர் ஒரு பாலேயை முதன்முறை பார்ப்பதைத் திரையரங்கில் வைத்துக்கொள்ளட்டும், இரண்டாம் முறையும் பத்தாம் முறையும் வீட்டில் பார்க்கட்டும். வீடு மட்டுமே வாய்த்தவர், உள்ளதிலேயே பெரிய திரையில், கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஓர் அங்கம் முடியும்வரை நிறுத்தாமல் பார்க்கவேண்டும்.