பொய்க் கணக்கும் மெய்யான கத்தியும்: பொது மருத்துவக் காப்பீட்டில் மோசடித் தடுப்பு குறித்து

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன் ஆரோக்ய யோஜனா, ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அத்திட்டத்தைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, நாளிதழ்கள் அதிலிருந்து ஒரு செய்தியைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டன. ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். பத்து இலக்கமும் ஒன்பதாகவே அமைந்த எண் அது. அரசின் மறுமொழி உடனே வந்தது: பயனாளியை அடையாளம் காண்பது ஆதார் வழியாகத்தான், கைபேசி எண்ணுக்கு அதில் பங்கில்லை.

அந்த மறுமொழியில் பொய் இல்லை. ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை அழைத்து, "உங்களுக்கு இந்த அறுவை நடந்ததா, யாராவது பணம் வாங்கினார்களா?" என்று கேட்பதற்குத் திட்டத்தின் கையில் இருக்கும் மலிவான வழி அந்த எண் ஒன்றுதான். அதைப் பொருட்டில்லை என்று ஒதுக்கும் அமைப்பு, நோயாளியை உள்ளே விடுவதற்கு முன் யார் என்று பார்த்துக்கொள்கிறது. வெளியே போனபின் என்ன நடந்தது என்று கேட்க அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. இந்தியாவின் பொது மருத்துவக் காப்பீட்டில் மோசடித் தடுப்பு முழுவதும் ஆவணத்தைக் காப்பதாக வளர்ந்துவிட்டது, நோயாளியின் உடலைக் காப்பதாக வளரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காப்பீட்டு மோசடியை வகைப்படுத்தும் கையேடுகள் நீண்ட பட்டியல் தருகின்றன: இல்லாத நோயாளிக்குக் கணக்கு எழுதுவது, சிறிய சிகிச்சையைப் பெரிய பேக்கேஜில் (சிகிச்சைக்கெனத் திட்டம் நிர்ணயித்த தொகையில்) ஏற்றுவது, ஒரே அறுவையைப் பிரித்துப் பல கோரிக்கைகளாக்குவது, புறநோயாளியாகப் பார்த்து அனுப்ப வேண்டியவரைப் படுக்கையில் சேர்ப்பது, ஒருவர் அட்டையில் இன்னொருவருக்குச் சிகிச்சை தருவது. தணிக்கையாளருக்கு இந்தப் பட்டியல் பயன்படும். அறத்தின் பார்வையில் இரண்டே வகைதான். செய்யாததைச் செய்ததாகக் காட்டுவது ஒன்று. வேண்டாததை உண்மையிலேயே செய்துவிடுவது மற்றொன்று. முதல் வகையில் பொதுப்பணம் போகிறது. இரண்டாம் வகையில் பணத்தோடு ஓர் உறுப்போ உயிரோ போகிறது. முதல் வகையில் ஆவணம் பொய். இரண்டாவதில் ஆவணம் பெரும்பாலும் மெய்: நோயாளி மெய், அனுமதிச் சீட்டு மெய், தையல் போட்ட வயிற்றின் படம் மெய். தேவை என்று எழுதிய ஒரே வரிதான் பொய்.

தணிக்கை அறிக்கை முதல் வகையை நன்றாகவே பிடித்தது. சிகிச்சையின்போது இறந்ததாகப் பதிவான 88,760 பேருக்குப் புதிதாகச் சிகிச்சை அளித்ததாக 2,14,923 கோரிக்கைகள் கணினியில் இருந்தன. முன் அனுமதியை மூன்று நாள் வரை பின்தேதியிட்டுக் கேட்க மருத்துவமனைகளுக்கு இடமுண்டு என்பது அரசுத் தரப்பின் விளக்கம். சில கோரிக்கைகளுக்கு அது பொருந்தலாம். தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களின்மேல் 4,761 பதிவுகள் இருந்தன. இவையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டுக் கண்டவை. பேய்களைப் பிடிக்கக் கணினி போதும்.

கத்தியைப் பிடிக்க அது போதவில்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த ராஷ்ட்ரிய ஸ்வஸ்த்ய பீமா யோஜனா குடும்பத்துக்கு 30,000 ரூபாய் மட்டுமே தந்த சிறு திட்டம். அதன் கீழ் பீகாரின் சமஸ்திபூரிலும் சத்தீஸ்கரிலும் ஏழைப் பெண்களின் கருப்பைகள் தேவையின்றி அகற்றப்பட்டதாக 2012இல் புகார் வெடித்தது. நாற்பது வயதைத் தொடாத பெண்களும் அவர்களில் இருந்தார்கள். வெள்ளைப்படுதலுக்கோ வயிற்றுவலிக்கோ போனவர்களிடம் "புற்றுநோய் வரும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய கதை மாநிலத்துக்கு மாநிலம் மாறவில்லை. சமஸ்திபூரில் உண்மை வெளிப்பட்டது எப்படி என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மாவட்ட நிர்வாகம் முகாம் நடத்தி, அறுவை செய்துகொண்ட பெண்களை நேரில் வரவழைத்துப் பரிசோதித்தது. அவர்களிடம் கேட்டார்கள், உடம்பைப் பார்த்தார்கள், குட்டு வெளிப்பட்டது. பிற்பாடு இது பொதுநல வழக்காகி, தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. புகாருக்கும் ஆணைக்கும் இடையே ஏறத்தாழப் பதினோரு ஆண்டுகள்.

இடையில் திட்டம் மாறிற்று, கணினி மாறிற்று, தொகை பதினாறு மடங்குக்கு மேல் கூடிற்று. 2024 நவம்பரில் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் போரிசானா என்ற ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்தியது. பத்தொன்பது பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப்போய், ஏழு பேருக்கு இதயக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தது. இருவர் இறந்தார்கள். செலவு ஜன் ஆரோக்ய யோஜனாவின் கணக்கில். அந்தச் சிகிச்சைக்கு மருத்துவத் தேவை இருக்கவில்லை என்று அரசு மருத்துவர்கள் கூறினர். வழக்கும் கைதுகளும் தொடர்ந்தன. இங்கும் மணியடித்தது கணினி அல்ல. ஊரார் மருத்துவமனையின் முன் திரண்டு கூச்சலிட்ட பிறகே அரசு விழித்தது.

தேசிய மோசடித் தடுப்புப் பிரிவும் மாநிலப் பிரிவுகளும், ஐயத்துக்குரிய கோரிக்கைகளைச் சலித்தெடுக்கும் மென்பொருளும் இருந்தும் இந்த மோசடி எப்படித் தப்பியது? ஆஞ்சியோபிளாஸ்டிக்கான ஒரு கோரிக்கையைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். ஆஞ்சியோகிராம் என்பது அசையும் படம். இதயத்தின் ரத்தக்குழாய்களைப் பல கோணங்களில் எடுத்து, சாயம் ஓடும் வேகத்தையும் பார்த்துத்தான் அடைப்பின் அளவை மதிப்பிடுவார்கள். எழுபது சதவீதத்துக்குமேல் அடைப்பு என்றால் ஸ்டென்ட் பற்றிப் பேசலாம். நாற்பது, ஐம்பது என்றால் பெரும்பாலும் மாத்திரையே போதும். ஆனால் அந்த ஓட்டத்திலிருந்து ஒரே ஒரு சட்டகத்தை நிறுத்தி எடுத்தால், குழாய் வளையும் இடத்தில் கோணம் பார்த்து நிறுத்தினால், பாதி அடைப்பு முக்கால் அடைப்பாகத் தெரியும். அந்தப் படத்தோடு தட்டச்சிட்ட அறிக்கை, ஈ.சி.ஜி., கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் படம் எல்லாம் சேர்ந்து முன் அனுமதிக்கு வருகின்றன. மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் இதய நிபுணராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்முன் வரிசையில் அடுத்தடுத்த கோரிக்கைகள் நிற்கின்றன, கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். இருக்கின்றன. அனுமதி போகிறது. அகமதாபாத் நிகழ்வுக்குப் பிறகு குஜராத் அரசு வெளியிட்ட நெறிமுறை, ஆஞ்சியோகிராமின் முழுப் பதிவையும் முன் அனுமதியின்போதே தர வேண்டும் என்றது. இரண்டு உயிர் போன பிறகு வந்த நல்ல விதி.

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு மோசடியை ஆராய்ந்த மால்கம் ஸ்பாரோ, 1996இல் வந்த தம் 'லைசென்ஸ் டு ஸ்டீல்' நூலில் இதையே வேறு சொற்களில் வாதிட்டார். பணம் வழங்கும் எந்திரம் கோரிக்கை சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறதே தவிர, அது உண்மையா என்று பார்ப்பதில்லை. ஆகவே விதியைக் கற்றுக்கொண்ட திருடனுக்கு அந்த எந்திரமே துணை. அவர் எழுதியது வேறொரு நாட்டைப் பற்றி. ஆனால் தாள்களைச் சரிபார்ப்பதையே விதிக்கு உட்படுதல் என்று எண்ணும் நம் பழக்கத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

பணம் வழங்கும் முறைக்கும் இதில் பங்குண்டு. மாநிலங்கள் முக்கியமாக இரு வழியில் திட்டத்தை நடத்துகின்றன. அறக்கட்டளை முறையில் அரசே கோரிக்கைக்குப் பணம் தருகிறது. எத்தனை பேருக்குச் சிகிச்சை என்ற எண்ணிக்கை மேடையில் பேசப்படும் பெருமையாகிவிட்டதால், அதைக் குறைக்கும் கண்டிப்பு யாருக்கும் உவப்பில்லை. காப்பீட்டு முறையில் நிறுவனத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம் போகிறது. கோரிக்கையை மறுப்பதில் அதற்கு ஆதாயம் உண்டு. ஜன் ஆரோக்ய யோஜனாவோடு இணைந்த தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இரண்டாம் வழியில் நடக்கிறது. 2022 ஜனவரி முதல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்ற கணக்கில் யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு ஒப்பந்தம். மேற்சொன்ன தணிக்கை அறிக்கை, தகுதியில்லாத ஓய்வூதியர்கள் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் தமிழ்நாட்டின் பயனாளிப் பட்டியலில் இருந்ததையும், அவர்களுக்காகச் சுமார் 22 கோடி ரூபாய் பிரீமியம் போனதையும் சுட்டியது. இதில் எந்த மருத்துவமனையும் எந்தத் தவறும் செய்யவில்லை. மருத்துவமனையையே குறிவைத்து நிற்கும் மோசடித் தடுப்புக்கு இந்த இழப்பு கண்ணில்கூடப் படாது.

தனியார் மருத்துவமனைகள் ஒரு மறுப்புச் சொல்கின்றன: பேக்கேஜ் தொகை கட்டுபடியாகவில்லை, அதுவும் மாதக்கணக்கில் நிலுவை. 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் தனியார் மருத்துவமனைகள் நிலுவையைக் காரணம் காட்டித் திட்டச் சிகிச்சையை நிறுத்துவதாக அறிவித்தன. இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. மருந்தை வெளியே வாங்கச் சொல்வதையும், "கார்டுல இவ்வளவுதான் வரும், மீதியைக் கட்டுங்க" என்பதையும், கார்டுக்குப் படுக்கை இல்லை என்று கைவிரிப்பதையும் அது ஓரளவு விளக்குகிறது. அடைப்பில்லாத குழாயில் ஸ்டென்ட் வைப்பதை அது விளக்காது. ஓர் அறுவையில் நஷ்டம் என்றால் அதைச் செய்யாமல் விடுவார்கள். தேவையில்லாத ஆளைத் தேடி ஊருக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள். லாபம் தரும் பேக்கேஜ்கள் எவை என்பது மருத்துவமனைகளுக்குத் தெரியும், திட்டத்துக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் அரசின் வழக்கமான விடை, இன்னும் ஒரு விரல்ரேகை, இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு சான்று. அதன் சுமை யார் தலையில் விழுகிறது? வயதானவரின் தேய்ந்த விரல் கருவியில் பதியாது. வருமானச் சான்றுக்கு மகன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். மோசடி செய்பவருக்கு இவை தொழிலின் செலவு. நேர்மையான நோயாளிக்கு இவை கதவடைப்பு. 2024 அக்டோபர் முதல் எழுபது வயது கடந்த எல்லோரும் வருமான வரம்பின்றி ஜன் ஆரோக்ய யோஜனாவுக்குள் வந்துவிட்டார்கள். கருவியில் விரல் பதியாதவர்களும் அவர்கள்தான். இதய முகாம் நடத்துகிறவர்கள் தேடிப் போவதும் அவர்களைத்தான்.

தண்டனையின் அமைப்பும் இதே சாய்வைக் காட்டுகிறது. 1,114 மருத்துவமனைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாகவும், 1,504 மருத்துவமனைகளுக்கு 122 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதாகவும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. இந்த நடவடிக்கைகளின் அடிப்படை பெரும்பாலும் மருத்துவமனையோடு செய்துகொண்ட ஒப்பந்தம். நோயாளியிடம் சட்டத்துக்குப் புறம்பாகப் பணம் வாங்கியிருந்தால் அதை அவருக்கே திருப்பித் தரத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன, நல்லது. ஆனால் தேவையற்ற சிகிச்சைக்கான அபராதம் காப்பீட்டு நிறுவனத்துக்கோ அறக்கட்டளைக்கோ போகிறது. கருப்பையை இழந்த பெண் அந்தக் கணக்கில் இல்லை. களவு போனது அவளுடையது என்று அந்த விதி கருதவே இல்லை.

உள்ளிருந்து உண்மை சொல்பவருக்கும் இடமில்லை. ஆஞ்சியோகிராம் எடுக்கும் கேத் லேப் தொழில்நுட்பர், செவிலியர், கார்டு மேசையில் கோரிக்கை ஏற்றும் இளைஞர் ஆகியோருக்குத்தான் நடப்பது முதலில் தெரியும். அமெரிக்காவில் 1863இலேயே பிறந்த பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்படி, அரசை ஏமாற்றுவதை வெளிப்படுத்தும் ஊழியர் தாமே வழக்குத் தொடுக்கலாம். மீட்கப்படும் தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை அவருக்குக் கிடைக்கலாம். 2000க்கும் 2003க்கும் இடையில் எச்.சி.ஏ. என்ற பெரும் மருத்துவமனைக் குழுமத்தை ஏறத்தாழ 170 கோடி டாலர் கட்டவைத்தது இந்தச் சட்டம். இந்தியாவில் 2014இல் இயற்றிய முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. வந்தாலும் அது பொது ஊழியரின் ஊழலைப் பற்றியது, தனியார் மருத்துவமனையின் செவிலியருக்கு அதில் நிழல் இல்லை.

அப்படியானால் நோயாளியைச் சாட்சியாக்குவது எப்படி? ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நடந்த சமூகத் தணிக்கையை அப்படியே கொண்டுவரலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. குளம் வெட்டிய கணக்கைக் கிராமசபையில் படிக்கலாம். யாருக்குக் கருப்பை எடுத்தது என்று படிக்க முடியாது. பயனாளியைத் தொலைபேசியிலும் வீட்டிலும் விசாரிக்கும் தணிக்கை வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. ஆனால் அது மாதிரிக்குச் சிலரை மட்டும் கேட்பது, அதுவும் எண் உண்மையாக இருந்தால்தான். தமிழ்நாட்டில் இதைவிட நல்ல வழி கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். காப்பீட்டில் அறுவை முடிந்து வந்தவரிடம் தனியாக உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்பது அவர்களால் முடிகிற வேலை. விடை மருத்துவமனைக்குத் தெரியாமல் திட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும், தன்னார்வலர்களுக்கு இதற்கு உரிய ஊதியமும் சேர்த்துத் தரவேண்டும். கூடவே, வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் என்ன சிகிச்சை, எதற்காக, எவ்வளவு பணம் கோரப்பட்டது என்பது தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தம் பெயரில் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாதவரால் புகார் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டின் நடப்பு ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது; 2027 ஜனவரியோடு அது முடிகிறது. அடுத்த ஒப்பந்தப்புள்ளியை எழுதும் சுகாதாரத் துறை அதில் மூன்று விதிகளையாவது சேர்க்க வேண்டும்: தெரிவுசெய்த பேக்கேஜ்களுக்கு வீட்டுவாசல் விசாரணை முடியாமல் இறுதித் தொகை விடுவிக்கக் கூடாது, தேவையற்ற சிகிச்சைக்கான அபராதத்தில் பெரும்பங்கு நோயாளிக்கே போக வேண்டும், நீக்கப்படும் மருத்துவமனையின் பெயரும் காரணமும் வெளியிடப்பட்டு, அங்கே அதே சிகிச்சை பெற்ற மற்றவர்களை அரசு மருத்துவர்கள் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும்.