பொருளின் இருப்பிடமும் படைவீரனின் தேவையும்: அமெரிக்கப் படை வழங்கலில் தகவல் வலையமைப்பு (1990–2006)

முன்னுரை

போர்களின் வரலாற்றைக் களத்திலிருந்து எழுதுவதே பெருவழக்கு. களத்திற்கு உணவும் நீரும் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் சென்று சேர்ந்த வழியிலிருந்து எழுதப்பட்ட வரலாறுகள் மிகச் சிலவே. மார்ட்டின் வான் கிரெவெல்டு 1977இல் வெளியிட்ட நூல் அக்குறையை ஓரளவு நீக்கியது. தமிழில் இத்துறையைத் 'தளவாடம்' என்னும் சொல்லோடு இணைத்துப் பேசுவது வழக்கம். அச்சொல் பொருளைச் சுட்டுமேயன்றி, பொருள் ஓரிடத்திலிருந்து வேண்டியவர் கைக்குச் செல்லும் இயக்கத்தைச் சுட்டாது. ஆதலின் இங்குப் 'படை வழங்கல்' என்னும் தொடர் ஆளப்படுகின்றது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பொருளைக் காண்பதும் தேவையை அறிவதும் ஒன்றே எனக் கருதிய மயக்கம் அமெரிக்கப் படையையும் பற்றியிருந்தது என்பதை 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்கும் 2003ஆம் ஆண்டு ஈராக் படையெடுப்புக்கும் இடைப்பட்ட நிகழ்வுகள் காட்டுகின்றன.

துளை அட்டை முதல் பாலைவனம் வரை

அமெரிக்கப் படைகளின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான கோரிக்கைச் சீட்டு முறை 1962இல் வகுக்கப்பட்டது. பொருளின் எண், அளவு, கேட்கும் பிரிவு, அவசரத்தின் படிநிலை ஆகியவை எண்பது பத்திகள் கொண்ட துளை அட்டையில் அடங்கின. வியட்நாம் போரில் இம்முறை பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. கேட்காத பொருள்கள் துறைமுகங்களில் குவிய, கேட்ட உதிரிப்பாகங்கள் வந்தபாடில்லை. முடங்கிய ஊர்திகளுக்கான பாகங்களை மட்டும் வானூர்தியில் அனுப்பும் தனி ஏற்பாடு 1965 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஒழுங்கான வழி அடைபடும்போது அதன் பக்கத்திலேயே இன்னொரு வழி திறக்கப்படுவது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒன்றாகும்.

ஈராக் 1990 ஆகஸ்டு 2 அன்று குவைத்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் வளைகுடாப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கான பொருள்கள் தம்மாம், ஜுபைல் துறைமுகங்களில் வந்திறங்கின. ஏறத்தாழ 40,000 கொள்கலன்கள் அனுப்பப்பட்டன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றின் உள்ளடக்கம் இன்னதெனத் தெரியாமையால், அவற்றைத் திறந்து பார்த்தே அறிய வேண்டியதாயிற்று. பாலைவனத்தில் அடுக்கப்பட்ட அக்கொள்கலன் குவியல்களுக்கு 'இரும்பு மலைகள்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

அம்மலைகள் உருவான விதம் நுணுகி நோக்கத்தக்கது. ஒரு படைப்பிரிவு உதிரிப்பாகம் ஒன்றைக் கேட்டு எழுதுகிறது. அக்கோரிக்கை என்ன ஆயிற்று என்பதை அறிய வழியில்லை. சில நாள் காத்திருந்தபின் அதே பொருளை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கிறது. இம்முறை அவசரத்தின் உச்சப் படிநிலையைக் குறித்துக் கேட்கிறது. எல்லாரும் உச்ச அவசரம் என்று எழுதத் தொடங்கியபின் எது அவசரம் என்பதே தெரியாமற் போயிற்று. மும்மடங்காகப் பெருகிய பொருள்கள் துறைமுகத்தை அடைக்க, உண்மையில் வேண்டிய ஒரு பெட்டி அவற்றின் அடியில் புதைந்தது. குவியலின் மூலகாரணம் கொள்கலன்கள் கண்ணுக்குப் புலப்படாமை மட்டுமன்று. கேட்டவனுக்கு மறுமொழி கிடைக்காமையும் ஆகும்.

இதனை நன்குணர்ந்தவர் வழங்கலுக்குப் பொறுப்பேற்றிருந்த வில்லியம் பகோனிஸ். மூன்றுக்கு ஐந்து அங்குலச் சிறு தாளட்டைகளைத் தம் பணியாளரிடையே அவர் புழங்கவிட்டார். எவரும் ஒரு வினாவையோ குறையையோ ஓர் அட்டையில் எழுதி மேலே அனுப்பலாம். அதற்குரிய மறுமொழி அதே அட்டையில் திரும்பி வரும். கணிப்பொறிகள் இருந்த காலத்தில் தாளட்டையா என்று நகைக்கத் தோன்றலாம். ஆயினும் அக்களத்தில் இருந்த தகவல் ஏற்பாடுகளுள் கீழிருந்து மேலே சென்று மீண்டும் கீழே வந்தது அதுவே எனலாம்.

பொருளைக் காணும் வலை

போர் முடிந்தபின் தொகுக்கப்பட்ட பாடங்களுள் திறக்கப்பட்ட கொள்கலன்களே பெரிதும் பேசப்பட்டன. அவை புகைப்படங்களில் தெரிந்தன. எண்ணிச் சொல்லவும் முடிந்தது. திரும்பத் திரும்பக் கேட்ட சிப்பாயின் அவநம்பிக்கையைப் படம் பிடிக்க இயலாதல்லவா? எனவே பொருள்கள் யாவும் எப்போதும் புலப்பட வேண்டும் என்பதே 1990களின் குறிக்கோளாயிற்று. மின்கலம் பொருத்திய வானொலி அலைச் சில்லுகள் கொள்கலன்களில் ஒட்டப்பட்டன. துறைமுக வாயில்களிலும் கிடங்குகளிலும் நிறுவப்பட்ட படிப்பான் கருவிகள் சில்லுகளைப் படித்து, கொள்கலன் கடந்து சென்ற செய்தியை மையக் கணிப்பொறிக்கு அனுப்பின. 1995 இறுதியில் போஸ்னியாவுக்குப் படை சென்றபோது இம்முறை பயன்பட்டது.

இதற்குக் கோட்பாட்டு வலுவும் சேர்ந்தது. ஆர்தர் செப்ரோவ்ஸ்கியும் ஜான் கார்ஸ்ட்காவும் 1998இல் எழுதிய கட்டுரை, வலையமைப்பை மையமாகக் கொண்ட போர்முறையை முன்வைத்தது. அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் வால்மார்ட் என்னும் சில்லறை வணிக நிறுவனமும் ஒன்று. ஒரு கடையில் ஒரு பொருள் விற்றவுடன் அச்செய்தி உற்பத்தியாளரைச் சென்றடைகிறது என்பதே அவ்வுவமையின் சாரம். பகோனிஸும் ஓய்வுக்குப்பின் 1993இல் சியர்ஸ் என்னும் வணிக நிறுவனத்தில்தான் சேர்ந்தார் என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஸ்டீபன் ஹேக்கல் வணிக நிறுவனங்களுக்காக 1999இல் எழுதிய நூலின் 'உணர்ந்து மறுமொழிதல்' என்னும் கருத்தைச் செப்ரோவ்ஸ்கியின் தலைமையில் இயங்கிய படை மாற்ற அலுவலகம் வழங்கலுக்கு ஏற்றுக்கொண்டது. தேவையை முன்கூட்டிக் கணித்துக் குவிக்காமல், எழும் தேவையை உடனுக்குடன் உணர்ந்து நிறைவுசெய்ய வேண்டும் என்பது அதன் உட்கிடை. கருத்து சிறந்ததே. ஆனால் கடையின் விற்பனைப் பொறிக்கு மின்சாரமும் தொலைபேசிக் கம்பியும் உண்டு. நாள்தோறும் இடம் பெயரும் பீரங்கி வண்டிக்கு அவை இல்லை.

2003: கடைசி மைல்

ஈராக் படையெடுப்புக்கு முன், 2002இல், போர்முனைக்குச் செல்லும் சரக்குகள் அனைத்திலும் சில்லு பொருத்தப்பட வேண்டும் என்று தளபதி டாமி ஃபிராங்க்ஸ் பணித்தார். ஆணை எங்கும் ஒரே சீராக நிறைவேறவில்லை. ஒரே தட்டில் பல பிரிவுகளுக்கான பொருள்கள் கலந்து கட்டப்பட்டிருந்தமையால் குவைத்தில் அவற்றைப் பிரித்து அடுக்கவேண்டி வந்தது. அனுப்பப்பட்டதாகக் கணக்கில் உள்ளவற்றுக்கும் பெறப்பட்டதாக ஒப்புக்கொள்ளப்பட்டவற்றுக்கும் இடையே 120 கோடி டாலர் வேறுபாடு இருந்ததென அமெரிக்கப் பேராயத்தின் தணிக்கை அலுவலகம் 2003 டிசம்பரில் அறிவித்தது. உதிரிப்பாகம் வாராமையால் பழுதான ஊர்திகளிலிருந்து பாகங்களைக் கழற்றி ஏனையவற்றை ஓட்டிய நிலையையும் அது சுட்டியது.

குவைத்து வரை தகவல் வலை இருந்தது. அதற்கு வடக்கே, மூன்று வாரங்களில் பாக்தாதை எட்டிய படையின் பின்னால் நீண்டு கிடந்த சாலையில், வழங்கல் பிரிவுகள் பெரும்பாலும் தொடர்பற்றிருந்தன. கோரிக்கைகளை நெகிழ்வட்டில் பதிந்து, அதை வண்டியில் ஏற்றி, தொடர்பு உள்ள இடத்திற்கு அனுப்பினர். துளை அட்டைக்குப் பதிலாக நெகிழ்வட்டு வந்தது. அதைச் சுமந்து செல்லும் மனிதன் மாறவில்லை.

இதன் விலை உதிரிப்பாகங்களோடு நின்றுவிடவில்லை. 2003 மார்ச் 23 அன்று, பின்னணிப் பராமரிப்புப் பிரிவொன்றின் வண்டித் தொடர், செல்ல வேண்டிய பாதை சரிவர விளங்காமல் நாசிரியா நகருக்குள் நுழைந்தது. அங்கு நடந்த தாக்குதலில் 11 பேர் உயிரிழந்தனர். வேறு சிலர் சிறைப்பட்டனர். தன் படை எங்குள்ளது என்று காட்டும் செயற்கைக்கோள் திரைகள் முன்னணிப் பிரிவுகளுக்குத் தரப்பட்டிருந்தன. இவ்வண்டிகளில் அவை இல்லை. வலையமைப்பு யாருக்கு முதலில் என்னும் வினாவுக்குப் படை அளித்திருந்த விடை இதில் வெளிப்பட்டது.

தணிக்கை அலுவலகத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை இன்னொரு பக்கத்தைத் திறந்தது. அது ஆராய்ந்த தட்டுப்பாடுகளுள் டயர்கள், கவச உடைகள், உணவுப் பொட்டலங்கள் ஆகியவற்றோடு லித்தியம் மின்கலங்களும் அடங்கும். அம்மின்கலங்கள் களத்தின் வானொலிக் கருவிகளை இயக்குபவை. தகவல் வழங்கலைச் சீராக்கும் என்று பேசப்பட்ட அதே வேளையில், தகவற் கருவியே வழங்கலை நம்பி நின்றது. இத்தட்டுப்பாட்டிற்கு மின்கலங்கள் எங்குள்ளன என்று தெரியாமை முதற்காரணமன்று. போர்க்காலத் தேவை குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது; இருப்புக்குப் போதிய நிதி ஒதுக்கப்படவில்லை; தொழிற்சாலைகள் உற்பத்தியை உடனே பெருக்க இயலவில்லை. இல்லாத பொருளை எந்தச் சில்லும் காட்டாது.

தரைப்படையின் வழங்கல் தலைவராயிருந்த கிளாட் கிறிஸ்டியன்சன் 2003 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில், வழங்கல் பணியாளரை வலையமைப்பில் இணைப்பதே முதலிடம் பெற்றது. இதன்படி 2004 முதல் சிறு செயற்கைக்கோள் முனையங்கள் படைப்பிரிவுகளின் பண்டகக் கூடாரங்களுக்கே அனுப்பப்பட்டன. உதிரிப்பாகம் கேட்டு எழுதும் எழுத்தர் தம் கூடாரத்திலிருந்தே கோரிக்கையை அனுப்பவும், அதன் நிலையைத் திரும்பக் கேட்டறியவும் அவை உதவின. 'உணர்ந்து மறுமொழிதல்' கோட்பாட்டை வளர்த்த அலுவலகம், செப்ரோவ்ஸ்கி 2005இல் மறைந்தபின், 2006இல் மூடப்பட்டது. முனையங்கள் தொடர்ந்து வழங்கப்பட்டன. நெகிழ்வட்டைச் சுமந்து சென்ற வண்டிகளுக்குப் படிப்படியாக வேலை இல்லாமற் போயிற்று.