லம்பாடிப் பூத்தையல் ஆடைகள்: பராமரிப்பு
தருமபுரி மாவட்டம் அரூர் வட்டாரத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே அமைந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடி மக்களின் மரபான கைத்தையல் லம்பாடிப் பூத்தையல் ஆகும். இப்பள்ளத்தாக்கில் வழக்கொழியும் நிலையிலிருந்த இக்கலை, 1993இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கிய பழங்குடியினர் நல முன்முயற்சி அமைப்பின் ஊக்கத்தால் மீட்கப்பட்டு, ‘பொர்கை’ என்னும் கைவினைஞர் சங்கத்தின் வழியாகத் தொடர்கிறது.

பருத்தித் துணியில் வண்ணநூலால் தைக்கப்படும் இவ்வேலைப்பாட்டில், நூல் சாயம் கசிதலும் தையல் இழை பிரிதலுமே முதன்மையான சேதங்கள் என்பதால், ஈரப் பஞ்சால் ஒரு மூலையை ஒற்றிச் சாய உறுதியைச் சோதித்த பின்னரே துணியை நனைத்தல் வேண்டும். உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, காரம் குறைந்த சோப்புக் கரைசலிலோ பூந்திக்கொட்டை நீரிலோ ஊறவிடாமல் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துவர். பின்புறமாகவே இஸ்திரியிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பர்.